8 யார்ட் ஸ்கிப்பா, 12 யார்ட் ஸ்கிப்பா? வீடு துப்புரவாக்கும் செலவு குறித்து உதவி தேவை

ஹரோவாசி எழுதியது:

வணக்கம் உறவுகளே. லண்டன் ஹரோவில் காலஞ்சென்ற பெரியப்பாவின் வீட்டை விற்பதற்கு முன்னர் முழுமையாகத் துப்புரவாக்க வேண்டியுள்ளது. மூன்று பழைய அலுமாரிகள், எல்லா அறைகளின் கம்பளங்கள், கூரைக்கடியில் சேர்த்து வைத்த பெட்டிகள், இரண்டு சோபாக்கள், ஒரு பழுதான குளிர்சாதனப் பெட்டி, பின்முற்றத்தில் பெயர்த்து அடுக்கியுள்ள சுமார் 20 சதுர மீட்டர் கொங்கிறீட் கற்கள் ஆகியவற்றோடு, கராஜ் கூரையின் சாம்பல் நிற நெளிதகடுகளையும் கழற்ற எண்ணியிருக்கிறோம். கழிவுகளைப் போட வாடகைக்கு எடுக்கும் பெரிய இரும்புத் தொட்டியான ஸ்கிப்பை எடுக்கலாம் என்று பார்த்தால், ஒரு நிறுவனம் 8 யார்ட் (கன யார்ட் கொள்ளளவு) ஸ்கிப்புக்கு 300 பவுண், 12 யார்டுக்கு 390 பவுண் என்று விலை சொல்லியுள்ளது. வித்தியாசம் 90 பவுண்தானே, பெரியதையே எடுப்போம் என்கிறார் என் தம்பி. வீட்டு முன்றலில் ஒரு கார் நிறுத்த மட்டுமே இடமுண்டு. எதை எடுப்பது நல்லது?

கட்டடவேலைக்காரன் எழுதியது:

வணக்கம் தம்பி. முதலில் அந்தக் கராஜ் கூரையில் கை வைக்காதீர்கள். பழைய கராஜ்களின் சாம்பல் நிற நெளிதகடு பெரும்பாலும் அஸ்பெஸ்டோஸ் (தூசை சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருள்) கலந்த சீமெந்துத் தகடாகவே இருக்கும்; இந்த நாட்டில் அதன் பயன்பாடு முற்றாகத் தடை செய்யப்பட்டது 1999 இல்தான். ஒரு துண்டு கலந்துவிட்டாலும் ஸ்கிப் முழுவதையுமே அபாயகரமான கழிவாகக் கணக்கிட்டுப் பணம் கேட்பார்கள். அதற்குத் தனியாக ஆள் பிடிக்க வேண்டும், அல்லது கவுன்சிலிடம் (உள்ளூராட்சி சபையிடம்) விசாரிக்க வேண்டும்.

அடுத்தது எடை. 20 சதுர மீட்டர் கல், 5 சென்ரிமீட்டர் தடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் வருகிறது. கொங்கிறீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.4 தொன். மண், கல், செங்கல் போன்ற பாரமானவற்றுக்கு வழமையாகத் தரப்படும் மிகப் பெரிய ஸ்கிப் 8 யார்ட்தான். 10, 12 யார்ட் ஸ்கிப்புகள் இடத்தை அடைக்கும் இலேசான சாமான்களுக்கானவை. அடியில் கல்லைப் போட்டு மேலே கம்பளத்தால் மூடினாலும், லொறியின் இயந்திரக் கைகள் ஸ்கிப்பைத் தூக்கத் திணறும்போது ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும், அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். ஆகவே பெரியது எடுத்தால் உங்கள் கற்களுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

8 யார்ட் என்பது சுமார் 6 கன மீட்டர். கற்களை அடியில் சமமாகப் பரப்பி, அலுமாரிகளைக் கழற்றிப் பலகைகளாகச் செங்குத்தாக அடுக்கி, இடைவெளிகளில் சிறு சாமான்களைத் திணித்தால், நீங்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி அடங்கும். அலுமாரியை முழுதாகப் போடுவது காற்றுக்கு வாடகை கொடுப்பதுதான்.

வெம்பிளி அக்கா எழுதியது:

விலையைச் சரியாகக் கேட்டீர்களா? 20 வீத வற் வரி சேர்ந்ததா என்று உறுதிப்படுத்துங்கள். சேராவிட்டால் 300 என்பது 360, 390 என்பது 468. வித்தியாசமும் 108 ஆகிவிடும். சோபாக்களை ஸ்கிப்பில் போட வேண்டாம். பழைய சோபாக்களின் துணியிலும் பஞ்சிலும் உள்ள தீத்தடுப்பு இரசாயனங்கள் காரணமாக அவற்றைப் புதைக்காமல் எரிக்க வேண்டும் என்ற விதியை 2023 முதல் இங்கிலாந்தில் கடுமையாக நடைமுறைப்படுத்துகிறார்கள். சில நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் வைக்கின்றன, சில ஏற்பதே இல்லை. குளிர்சாதனப் பெட்டியையும் ஸ்கிப்பில் ஏற்கமாட்டார்கள். மூன்றையும் கவுன்சிலின் பெரிய பொருள் சேகரிப்புச் சேவைக்குப் பதிவு செய்தால் கணக்கு இலேசாகும்.

குரோய்டன்காரன் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? வான் வைத்திருப்பவர்கள் வந்து தாங்களே ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அது மலிவல்லவா?

வெம்பிளி அக்கா எழுதியது:

சாமான் குறைவாகவும் மாடியிலிருந்து இறக்க ஆளில்லாமலும் இருந்தால் அது நல்ல வழிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மிகக் குறைந்த விலைக்குக் காசாக வாங்கிக்கொண்டு போகிறவர் வீதியோரத்தில் கொட்டிவிட்டால், பெட்டிக்குள் இருக்கும் பழைய கடிதத்தின் முகவரியை வைத்து கவுன்சில் அதிகாரிகள் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இங்கிலாந்தில் வீட்டுக்காரருக்கே 600 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். சுற்றாடல் முகவரகத்தின் கழிவு ஏற்றிச்செல்வோர் பதிவேட்டில் அவருடைய எண்ணைப் பார்த்து, பற்றுச்சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கிப் நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.

ஹரோவாசி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, அக்கா. கூரையைத் தொடாமல் விட்டு, சோபாக்களையும் குளிர்சாதனப் பெட்டியையும் கவுன்சிலுக்குப் பதிவு செய்து, 8 யார்ட் எடுப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். அதை முன்றலில் வைப்பதா, வீதியில் வைப்பதா என்பதே மீதமுள்ள சந்தேகம்.

கட்டடவேலைக்காரன் எழுதியது:

இடம் போதுமென்றால் முன்றல்தான். பொது வீதியில் வைக்க 1980 ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி கவுன்சிலின் அனுமதி வேண்டும். அதை நிறுவனமே எடுத்துத் தரும், ஆனால் கட்டணம் உங்கள் தலையில். அனுமதி பெற்ற கார்கள் மட்டும் நிற்கும் வீதியென்றால், அந்த இடத்தில் கார் நிறுத்துவதைத் தற்காலிகமாகத் தடுத்து வைப்பதற்கும் தனிக் கட்டணம் வரலாம். முன்றலில் வைப்பதானால், நீளத்தையும் அகலத்தையும் அளந்து நிறுவனத்திடம் சொல்லுங்கள், மேலே தொலைபேசிக் கம்பி தொங்குகிறதா என்று பாருங்கள், நிலக்கற்கள் வெடிக்காமலிருக்க அடியில் தடித்த பலகைகள் போடச் சொல்லுங்கள். விளிம்புக்கு மேல் ஒரு பொருளும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஏற்ற வரும் நாளில் மேல்மட்டத்தைப் படம் எடுத்து வைத்தால், பின்னர் கூடுதல் கட்டணம் கேட்டு வாதம் வந்தாலும் காட்டலாம்.