ஜி பக்கெட்டுல எந்த ரெஜிஸ்டர் எங்க இரிக்கெண்டு ஜிடிபிக்கு ஆர் சொல்லுற?

கல்லடி_போட்:
எல்லாருக்கும் வணக்கம், மட்டக்களப்பில இருந்து எழுதுறன். நானும் கூட்டாளியும் சம்மாந்துறைப் பக்கம் வயலுக்கு வாய்க்கால் தண்ணி மட்டம் பாக்கிற கருவி ஒண்டு செய்யிறம். உள்ளுக்க எஸ்டிஎம்32எஃப்103 சிப், அதின்ட ப்ரொசெசர் ஆர்ம் கோர்டெக்ஸ் எம்3. வயல்ல பூட்டின மறுகா சீரியல் வயரால மட்டும் டிபக் பண்ணோணும் எண்டு ஜிடிபிக்கு (புரோகிராம்ல பிழை தேடுற டிபக்கர்) சின்னதா ஒரு ஸ்டப் (சிப்புக்குள்ள இருந்து ஜிடிபிக்குப் பதில் சொல்லுற துண்டுப் புரோகிராம்) எழுதினன். ஜி பக்கெட் (ப்ரொசெசருக்குள்ள இரிக்கிற சின்ன நினைவு இடங்களான ரெஜிஸ்டர் எல்லாத்தையும் ஒருமிக்கக் கேக்கிற செய்தி) வந்தா ஆர்0 தொடக்கம் ஆர்15 வரை, கடைசியில எக்ஸ்பிஎஸ்ஆர் எண்ட நிலை ரெஜிஸ்டர், 17 ரெஜிஸ்டர், 68 பைட், ஹெக்ஸில 136 எழுத்து போகுது. ஈஎல்எஃப் ஃபைல (கம்பைல் பண்ணின புரோகிராம்) ஜிடிபியில லோட் பண்ணிட்டு கனெக்ட் பண்ணினா எல்லாம் வடிவா வருகுது, ஃபைல் இல்லாம கனெக்ட் பண்ணினா "ட்ரங்கேட்டட் ரெஜிஸ்டர் 16 இன் ரிமோட் ஜி பக்கெட்" எண்டு நிண்டிருது. ரெண்டு தரமும் போற பைட் ஒண்டுதானே, பிறகென்ன வித்தியாசம்?

கல்முனை_எம்பெடட்:
தம்பி, ஜி பக்கெட்டுக்குள்ள பேரும் இல்ல நீளமும் இல்ல, வெறும் ஹெக்ஸ் எழுத்து வரிசையா வருகுது, அத எங்க வெட்டுறதெண்டு ஜிடிபி முன்னமே தெரிஞ்சு வச்சிரிக்கோணும். நீங்க ஒண்டும் சொல்லாட்டி அது ஆர்முக்கு பழைய வரிசையத்தான் எடுக்கும். அதில ஆர்15க்குப் பிறகு எஃப்பிஏ எண்ட பழைய ஃப்ளோட்டிங் பொயின்ட் ரெஜிஸ்டர் எட்டு இரிக்கி, ஒண்டு 12 பைட், மறுகா அதுகளிட நிலை ரெஜிஸ்டர் எஃப்பிஎஸ், அதுக்கும் பிறகுதான் ப்ரொசெசரிட நிலை ரெஜிஸ்டர் சிபிஎஸ்ஆர், எல்லாமா 168 பைட். உங்கட எக்ஸ்பிஎஸ்ஆர் 64ஆவது பைட்டில தொடங்குது, ஜிடிபி அத எஃப்0 எண்டு நினைச்சு 12 பைட் தேடுது, நாலோட முடிஞ்சிருது. 16 எண்டு சொல்றது அந்த எஃப்0வத்தான்.

ஈஎல்எஃப்புக்குள்ள இது எம்-ப்ரொஃபைல் (கோர்டெக்ஸ் எம் வகை) சிப் எண்டு எழுதிக் கிடக்கு. அதப் பாத்திட்டு, 68 பைட் வந்தா இந்த வரிசையாத்தான் இரிக்கும் எண்டு ஜிடிபி ஊகிக்கிது. ஊகத்த நம்பி வயல்ல கருவிய வைக்காதீங்க, ஸ்டப்பே வாயத் திறந்து சொல்லோணும். கனெக்ட் பண்ணின உடன ஜிடிபி கியூசப்போர்ட்டட் (உனக்கு என்னென்ன ஏலும் எண்டு கேக்கிற செய்தி) அனுப்பும், அதுக்குப் பதில்ல கியூஎக்ஸ்ஃபர் ஃபீச்சர்ஸ் ரீட் எண்டதுக்கு ப்ளஸ் போட்டு அனுப்புங்க, அப்ப அது டார்கெட் டாட் எக்ஸ்எம்எல் எண்ட ரெஜிஸ்டர் விபர ஃபைலத் துண்டு துண்டாக் கேட்டு வாங்கும். இன்னும் மிச்சம் இரிக்கெண்டா துண்டுக்கு முன்னால எம், கடைசித் துண்டெண்டா எல். அந்த எக்ஸ்எம்எல்லுக்குள்ள ஓஆர்ஜி டாட் ஜிஎன்யு டாட் ஜிடிபி டாட் ஆர்ம் டாட் எம்-ப்ரொஃபைல் எண்ட ஃபீச்சர் பேர அப்பிடியே போட்டு ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் பேரும் பிட் அளவும் எழுதுங்க. பேர் பிழைச்சா ஜிடிபிக்கு அது எம்3 எண்டே விளங்காது.

கல்லடி_போட்:
நன்றி நானா, இப்பதான் விளங்குது. ஜிடிபியோட வாற எம்-ப்ரொஃபைல் எக்ஸ்எம்எல்லத் திறந்து பாத்தன், அதில எக்ஸ்பிஎஸ்ஆருக்கு ரெஜ்நம் (ரெஜிஸ்டர் நம்பர்) 25 எண்டு கிடக்கு. அப்ப 16 தொடக்கம் 24 வரைக்கும் ஜி பக்கெட்டில வெறும் இடம் விடோணுமா?

கல்முனை_எம்பெடட்:
இல்ல, விடத் தேவையில்ல. ஜி பக்கெட்டில இருக்கிற ரெஜிஸ்டர நம்பர் ஏறுற ஒழுங்கில அடுக்கினாச் சரி, இடைவெளிக்கு பைட் இல்ல, உங்கட 68 அப்பிடியே 68தான். அந்த 25 வேலைக்கு வாறது பி பக்கெட்டில தனி ரெஜிஸ்டர் கேக்கக்குள்ள, அங்க நம்பர் ஹெக்ஸில 19 எண்டு வரும். செய்து முடிச்சிட்டு மெயின்ட் பிரின்ட் ரிமோட்-ரெஜிஸ்டர்ஸ் எண்டு அடிங்க, எந்த ரெஜிஸ்டர் எத்தினையாவது பைட்டில எண்டு ஜிடிபி நினைக்கிறது அப்பிடியே வரும். எக்ஸ்பாட் லைப்ரரி இல்லாம பில்ட் பண்ணின ஜிடிபி எக்ஸ்எம்எல்ல வாசிக்காது, அதையும் ஒருக்காப் பாருங்க.

வாவிக்கரை:
வரிசை சரி வந்தாலும் உள்ளுக்க இரிக்கிற பெறுமதி சரியா எண்டு பாக்கோணும். பைட் ஒழுங்கு சிப்பிட ஒழுங்குதான், எம்3 லிட்டில் எண்டியன் (கடைசிப் பைட் முதல்ல போகும்), பிசி (ஆர்15, புரோகிராம் நிக்கிற இடம்) 08000100 எண்டா போக வேண்டியது 00010008. மற்றது எஸ்பி (ஆர்13, ஸ்டாக்கிட நுனி எங்கயெண்டு சொல்றது). எக்ஸெப்ஷன் (ஓடுற புரோகிராம நிப்பாட்டி ஹாண்ட்லர் எண்ட வேற கோடுக்குப் பாயிறது) வரக்குள்ள ஹார்ட்வேரே ஆர்0 தொடக்கம் ஆர்3, ஆர்12, எல்ஆர் (ஆர்14), பிசி, எக்ஸ்பிஎஸ்ஆர் எண்டு எட்டையும் ஸ்டாக்கில தள்ளிரும், ஆர்4 தொடக்கம் ஆர்11 வரை ஹாண்ட்லர் முதல் வரியிலயே எடுத்து வச்சிரோணும். அப்ப ஹாண்ட்லருக்குள்ள தெரியிற எஸ்பிய அப்பிடியே அனுப்பினா பாக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதக் கூப்பிட்டதெண்ட வரிசை) குழம்பிரும். ஹார்ட்வேர் தள்ளின இடத்தில இருந்து 32 கூட்டி அனுப்புங்க, ஸ்டாக்கில இரிக்கிற எக்ஸ்பிஎஸ்ஆரில 9ஆவது பிட் 1 எண்டா இன்னொரு 4 கூட்டோணும்.