குளியல் துண்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறீர்கள்?

கருவிழி:
இரண்டு வருடம் ஆகியும் மனத்தை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்திருந்த அத்தை முகம் கழுவிவிட்டு, கொக்கியில் தொங்கிய என் துண்டை எடுத்தார். முகத்தருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துண்டை மாட்டிவிட்டு, தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பத்து நாள் துவைக்காத துண்டு அது. தினமும் அதிலேயே துடைத்த எனக்கு வாடையே தெரிந்ததில்லை. இப்போது மூன்று குளியலுக்கு ஒருமுறை துவைத்துவிடுகிறேன்.

மேல்மாடி:
கருவிழி, நாள்கணக்கு மட்டும் போதாது. எங்கள் துண்டு துவைத்த மறுநாளே நாறியது. காய்ந்த துண்டில் ஒன்றும் தெரியாது. ஈரம் பட்டதும் முடை நாற்றம் கிளம்பும். கதவுக்குப் பின்னால் கொக்கியில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியதுதான் காரணம். மொராக்செல்லா என்ற பாக்டீரியா வகை இப்படி ஈரம் தங்கிய துணியில் பெருகி நாற்றத்தை உண்டாக்குகிறது. காய்ந்துவிட்டால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், தாக்குப்பிடிக்கும். கம்பியில் முழு அகலத்துக்கு விரித்துப் போடுங்கள். குளித்த பிறகு குளியலறைக் கதவைத் திறந்து வையுங்கள். துவைக்கும்போது 60 டிகிரி வெந்நீர் வேண்டும். இயந்திரத்தைத் திணித்து நிரப்பாதீர்கள். துவைத்ததை உள்ளேயே இரவெல்லாம் விட்டுவைத்தால் அத்தனையும் வீண்.

நீலத்துண்டு:
மேல்மாடி சொல்வதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. நான் வெந்நீரில்தான் துவைத்தேன், வெயிலில்தான் உலர்த்தினேன். ஆனால் ஒருநாள் துடைக்கத் துடைக்கத் தண்ணீர் முதுகிலேயே வழுக்கிக்கொண்டு ஓடியது. பஞ்சு போலிருந்த துண்டு ஒரு சொட்டுகூட உறிஞ்சவில்லை! மென்மைக்காக ஊற்றிய திரவம் நூலிழைகளின் மேல் மெழுகுபோல் படிந்திருந்தது. துண்டுக்கு அது வேண்டவே வேண்டாம். சலவைத்தூளையும் அள்ளிப் போடாதீர்கள். அலசியும் போகாத தூள் இழைகளில் தங்கி அழுக்கைப் பிடித்துவைக்கும். படிவைப் போக்க வெள்ளை வினிகர் விட்டு அலசலாம். ஆனால் ப்ளீச்சுடன் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். உயிருக்கே ஆபத்து.

இரு பிள்ளைகளின் தாய்:
எத்தனை நாள், எப்படி உலர்த்துவது என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். யாருடைய துண்டு என்று ஒருவரும் கேட்கவில்லையே. என் மகனுக்குத் தொடையில் படர்தாமரை வந்தது. மருந்து தடவினோம், மறைந்தது. அடுத்த மாதம் மகளுக்குக் கழுத்தில் அதே செந்நிற வளையம், பிறகு மறுபடியும் மகனுக்கு. நான் வாரம் இரண்டு முறை துவைக்கிறவள். என் வீட்டில் எப்படி என்று தோல் மருத்துவரிடம் கோபமாகவே கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எழுதுவதை நிறுத்திவிட்டு, "வீட்டில் எத்தனை பேர், எத்தனை துண்டு?" என்றார்.

நாங்கள் நான்கு பேர். துண்டு இரண்டு.