தினசரிப் பயணத்திற்குப் பழைய சத்ரியா ஜிடிஐ வாங்கலாமா?

செம்பனைச் சாலை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன்; வேலை ஈப்போவில். இப்போது ஓட்டும் கஞ்சில் என்ற சிறிய காரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காரை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். 1.8 லிட்டர் இயந்திரமும் ஐந்து கியரும் லோட்டஸ் பொறியாளர்கள் பக்குவப்படுத்திய சஸ்பென்ஷனும் கொண்ட, பின்கதவையும் சேர்த்து மூன்று கதவுள்ள அந்தக் கார், பள்ளிப் பருவத்திலிருந்தே என் மனத்தில் இருப்பது.

இவ்வளவு பழைய காருக்கு வங்கிக் கடன் எதிர்பார்க்க முடியாததால் ரொக்கமாகவே வாங்க வேண்டும். சேமிப்பில் முக்கால் பங்கு அதிலேயே கரைந்துவிடும். வேலைக்கு மட்டுமல்லாமல், முழங்கால் வலியுள்ள அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும் இந்தக் கார்தான். எங்கள் தாமானிலிருந்து பெரிய சாலைக்கு வரும் வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடிச் சாலை ஓரம் உடைந்து கிடக்கிறது. இயந்திரம் சீராகத்தான் ஓடுகிறது. வேறு எவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பட்டறை, ஈப்போ:

தம்பி, இயந்திரம் சீராக ஓடுகிறது என்பதை வைத்து மட்டும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இந்தக் காரில் இருக்கும் 4ஜி93 குடும்பத்து இயந்திரம் விரா 1.8, புத்ரா ஆகிய மற்ற புரோட்டோன் கார்களிலும் வந்ததுதான். அது கெட்டால் பழுது பார்க்கலாம், பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் வேறொன்று தேடவும் செய்யலாம். ஆனால் துருப்பிடித்த உடம்பையும் குழப்பமான கெரானையும் (காரின் உரிமைப் பதிவு ஆவணத்தையும்) எந்தப் பட்டறையும் சரிசெய்து தராது. நான் இந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்பேன்.

கெரானைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாதாரண 1.3, 1.5, 1.6 லிட்டர் சத்ரியாவுக்கு ஜிடிஐயின் பம்பரும் இருக்கையும் பொருத்தி, சில நேரங்களில் 1.8 இயந்திரத்தையும் இறக்கி ‘ஜிடிஐ’ என்று விற்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. உண்மையான காரின் கொள்ளளவு 1,834 சிசி. தீபகற்ப மலேசியாவில் 1,800 சிசியைத் தாண்டிய இந்த வகைக் காருக்கு அடிப்படை 280 ரிங்கிட், 1,800க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென் என்ற கணக்கில் அதற்குரிய ஆண்டுச் சாலை வரி 297 ரிங்கிட். உரிமையாளர் கட்டிய வரி 90 ரிங்கிட் என்று இருந்தால், கெரானில் அது 1.5 அல்லது 1.6 லிட்டர் காராகவே பதிவாகியிருக்கிறது என்று பொருள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியின்றி இயந்திரம் மாற்றப்பட்டிருந்தால், உரிமை மாற்றத்திற்கான பி5 பரிசோதனையில் எண்கள் ஒத்துப்போகாமல் கார் அங்கேயே நின்றுவிடும். ஆகவே பரிசோதனையை விற்பவர் முடித்துத் தரட்டும், அதன் பிறகு பணம் கொடுங்கள்.

உடம்பைப் பார்க்கும்போது காரின் பின்புறச் சாமான் அறையில் உள்ள கம்பளத்தை விலக்கி, உபரிச் சக்கரத்தைத் தூக்கி வெளியே வையுங்கள். அந்தக் குழியில் ஈரம் தேங்கியிருக்கிறதா, தகடு பழுப்பேறிப் பொரிந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கதவுக்குக் கீழுள்ள விளிம்பையும், முன் அப்சார்பரின் (அதிர்வு தாங்கியின்) தலை வந்து பொருந்தும் இடத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். புதிதாகக் கறுப்புச் சாயம் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும்.

இயந்திரம் முழுவதும் ஆறிய பிறகு, காலையில் நீங்களே முதல்முறையாக முடுக்குங்கள்; சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முடுக்கியதும் நீலப் புகை வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்று உரசினால் கியர்பெட்டிக்குச் செலவு காத்திருக்கிறது. வால்வுகளை நேரத்தோடு இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று கொண்டு அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும்.

கோலகங்சார் அக்கா:

பட்டறை அண்ணன் சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் கார் நல்லதாகவே இருந்தாலும் அம்மாவுக்கு அது ஒத்துவருமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, தம்பி. நானும் இரண்டு கதவுக் கார் ஒன்றைச் சில ஆண்டுகள் வேலைக்கு ஓட்டியவள். முழங்கால் வலியுள்ளவர் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருப்பதுதான் பாடு. நீளமான கதவு என்பதால் மருத்துவமனை நிறுத்துமிடத்தில் பக்கத்தில் வேறு கார் நின்றால் பாதிதான் திறக்கும். கூட யாராவது வந்தால், அம்மா இறங்கி வழிவிட்ட பிறகுதான் பின்னால் ஏற முடியும்.

ஆசையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கஞ்சிலைக் கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். பழைய கார் பட்டறையில் பொருளுக்காகக் காத்து நிற்கும் வாரத்தில் நீங்கள் வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

காப்புறுதி முகவர், தாப்பா:

ஒரு செய்தியை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இந்த வயதுள்ள காருக்கு முழுக் காப்புறுதி தர எல்லா நிறுவனங்களும் முன்வருவதில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தால் கார் திருட்டுப் போனால் ஒரு காசும் கிடைக்காது. உதிரிப் பாகங்களுக்காகப் பழைய புரோட்டோன்களைத் திருடுவது நமக்குத் தெரிந்த கதை என்பதால், தீயும் திருட்டும் சேர்ந்த மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கஞ்சிலில் சேர்ந்திருக்கும் என்சிடி (இழப்பீடு கோராததற்கான காப்புறுதிக் கட்டணக் கழிவு), அதிகபட்சமான 55 விழுக்காடாகவே இருந்தாலும், அந்தக் காரை நீங்கள் வைத்துக்கொண்டால் புதிய காருக்கும் சேர்த்துக் கிடைக்காது. ஒரு நேரத்தில் ஒரு காருக்குத்தான் அது செல்லும்.

செம்பனைச் சாலை, சுங்கை சிப்புட்:

மூவருக்கும் மிக்க நன்றி. விற்பவரிடம் கெரானின் படத்தைக் கேட்டு வாங்கினேன். கொள்ளளவு 1,834 என்றே இருக்கிறது. டைமிங் பெல்ட்டுக்கு ரசீது இல்லை, அதை விலையில் குறைத்துப் பேசப் போகிறேன். அக்கா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். “எனக்குக் கஞ்சிலே போதும், நீ உனக்குப் பிடித்ததை வாங்கு” என்றார். தம்பியும் ஆண்டு இறுதிவரை மோட்டாரிலேயே போய்க்கொள்வதாக ஒப்புக்கொண்டான். சனிக்கிழமை காலை விற்பவர் முடுக்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, உபரிச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். பட்டறை அண்ணன், சரியாகத் தெரிந்தால் அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்க்க உங்களிடமே கொண்டுவரலாமா?

பழைய பட்டறை, ஈப்போ:

கொண்டுவாருங்கள், தம்பி. மதியம் ஒரு மணிக்குள் வந்தால் லிஃப்ட் காலியாக இருக்கும். விற்பவரையும் கூடவே அழைத்து வாருங்கள். குறையை அவரும் கண்ணால் பார்த்தால் விலை பேசுவது எளிது.