நாஸ்ல ரீட் ஒன்லி குடுத்தும் பொண்ணால ஃபைல் அழிக்க முடியுது, எங்களுக்கு டாக்குமெண்ட்ஸ் திறக்கவே மாட்டேங்குது

மொட்டைமாடி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு 2 டிஸ்க் போடுற சினாலஜி நாஸ் (வீட்டு நெட்வொர்க் வழியா எல்லாரும் ஃபைல் வச்சு எடுக்கற பெட்டி) ஒன்னு செட்டப் பண்ணிட்டு இருக்கேன். எனக்கு, மனைவிக்கு, பொண்ணுக்குன்னு மூணு யூசர். ஷேர்டு ஃபோல்டரும் மூணு: போட்டோஸ், டாக்குமெண்ட்ஸ், ஸ்கூல். போட்டோஸ எல்லாரும் பாக்கலாம், ஆனா சேர்க்கறதும் அழிக்கறதும் நாங்க ரெண்டு பேர் மட்டும்தான். டாக்குமெண்ட்ஸ் பொண்ணு கண்ணுலயே படக்கூடாது. ஸ்கூல் எல்லாருக்கும் பொது.

போட்டோஸ்ல பொண்ணு பேருக்கு ரீட் ஒன்லி, அதாவது பாக்க மட்டும்னு டிக் பண்ணேன். டாக்குமெண்ட்ஸ பூட்டணும்னு யூசர்ஸ் குரூப்புக்கு நோ ஆக்சஸ் போட்டுட்டு எனக்கும் மனைவிக்கும் மட்டும் தனியா ரீட் ரைட் (பாக்கவும் மாத்தவும் அழிக்கவும்) குடுத்தேன். இப்ப எங்க ரெண்டு பேருக்குமே டாக்குமெண்ட்ஸ்ல அனுமதி இல்லன்னு வருது. அங்க போட்டோஸ்ல பொண்ணு நேத்து ஒரு ஃபோல்டர தெரியாம அழிச்சிட்டா, நாஸோட ரீசைக்கிள் பின் ஆன்ல இருந்ததால திரும்ப எடுத்தேன். அது எங்க குழந்தை பிறந்தப்ப எடுத்த படங்க, வேற காப்பி கிடையாது, அதான் ரொம்ப பயந்துட்டேன். எங்க தப்பு பண்றேன்னு யாராவது சொல்லுங்க.

பழையடிஸ்க்:

நண்பரே முதல்ல ரீசைக்கிள் பின் ஆன்ல வச்சிருந்தீங்க பாருங்க, அது பெரிய விஷயம். நெட்வொர்க் ஃபோல்டர்ல அழிக்கிறது லேப்டாப்போட ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நாஸ்ல அந்த ஆப்ஷன் இல்லன்னா போனது போனதுதான்.

உங்க ரெண்டு பிரச்சினைக்கும் யூசர்ஸ் குரூப்தான் காரணம்னு நினைக்கிறேன். நீங்க உண்டாக்குற ஒவ்வொரு யூசரும் தானா அந்த குரூப்ல சேர்ந்துடுவாங்க, நீங்களும் உட்பட. ஒருத்தருக்கு தனியா ஒன்னும் குரூப் வழியா இன்னொன்னும் இருந்தா சினாலஜில நோ ஆக்சஸ்தான் முதல்ல ஜெயிக்கும், அடுத்தது ரீட் ரைட், கடைசியாதான் ரீட் ஒன்லி. அதனால டாக்குமெண்ட்ஸ்ல குரூப்புக்கு போட்ட நோ ஆக்சஸ் உங்களையும் சேர்த்து வெளிய தள்ளிடுச்சு. போட்டோஸ்ல யூசர்ஸ் குரூப்புக்கு ரீட் ரைட் டிக் இருக்கான்னு பாருங்க, இருந்தா பொண்ணுக்கு தனியா குடுத்த ரீட் ஒன்லி அதுகிட்ட தோத்துடும்.

நான் செய்யறது என்னன்னா, தனி ஆளுக்கு டிக் எதுவும் போடறதே இல்ல. பெற்றோர், பிள்ளைங்கன்னு ரெண்டு குரூப் உண்டாக்கி டிக் எல்லாம் அங்க மட்டும். யூசர்ஸ் குரூப்ல மூணு கட்டத்தையும் காலியா விட்ருங்க, எங்கயும் டிக் இல்லாதவங்களால எப்படியும் உள்ள வர முடியாது, நோ ஆக்சஸ் போட வேண்டிய அவசியமே இல்ல.

மொட்டைமாடி:

ரொம்ப நன்றி, நீங்க சொன்ன மாதிரியே போட்டோஸ்ல யூசர்ஸ் குரூப்புக்கு ரீட் ரைட் இருந்துச்சு, எடுத்துட்டேன். நோ ஆக்சஸையும் எடுத்ததும் டாக்குமெண்ட்ஸ் இப்ப எங்களுக்கு திறக்குது. ஆனா ஹால்ல இருக்கற லேப்டாப்ல இருந்து பொண்ணால இன்னும் போட்டோஸ்ல டெலீட் பண்ண முடியுது, டாக்குமெண்ட்ஸும் திறக்குது. ரீஸ்டார்ட் கூட பண்ணிட்டேன்.

இரவுப்பறவை:

அந்த லேப்டாப்ல முதன்முதல்ல நாஸ திறந்தது நீங்கதானே, அப்ப உங்க பாஸ்வேர்ட நினைவுல வச்சுக்கோன்னு டிக் பண்ணிருப்பீங்க. எல்லாரும் ஒரே விண்டோஸ் லாகின்ல உக்காந்தா யார் உக்காந்தாலும் நாஸுக்கு அது நீங்கதான். கன்ட்ரோல் பேனல்ல க்ரெடென்ஷியல் மேனேஜர் (விண்டோஸ் பாஸ்வேர்ட சேமிச்சு வைக்கிற இடம்) போய் நாஸ் பேர்லயும் அதோட ஐபி நம்பர்லயும் இருக்கறத எடுத்துட்டு, சைன் அவுட் பண்ணி திரும்ப வந்து பொண்ணு யூசர்ல உள்ள போங்க. விண்டோஸ் ஒரே நேரத்துல ஒரே சர்வருக்கு ரெண்டு பேர்ல போக விடாது, 1219ன்னு ஒரு எரர் வரும், பழைய கனெக்ஷன் இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். நிரந்தரமா சரியாகணும்னா பொண்ணுக்கு அந்த லேப்டாப்ல தனி விண்டோஸ் லாகின் போட்டு உங்க லாகினுக்கு பாஸ்வேர்ட் வைங்க.

பழையடிஸ்க்:

அட ஆமா, இத நான் முதல்லயே கேட்டிருக்கணும். இன்னொன்னு, ஷேருக்கு குடுக்கற அனுமதி வேற, உள்ள ஒவ்வொரு ஃபோல்டர் மேலயும் இருக்கற அனுமதி வேற. தெருக்கதவு திறந்திருந்தாலும் ரூம் கதவு பூட்டியிருந்தா உள்ள போக முடியாது இல்லயா, அந்த மாதிரி ரெண்டுலயும் இருந்தாதான் வேலை நடக்கும். அதனால திரும்ப எடுத்த அந்த ஃபோல்டர் மட்டும் யாருக்காவது திறக்கலன்னா, ப்ராபர்ட்டீஸ்ல போய் மேல இருக்கற பர்மிஷன உள்ள இருக்கற எல்லாத்துக்கும் இறக்கி விடுங்க.

அப்புறம் நான் கெஞ்சி கேக்கறது ஒன்னு இருக்கு. தினமும் யூஸ் பண்ற உங்க யூசருக்கே போட்டோஸ்ல ரீட் ஒன்லி வச்சுக்கோங்க, அட்மின் உரிமையும் அதுக்கு வேண்டாம். படம் சேர்க்க மட்டும் தனியா ஒரு யூசர், அந்த பாஸ்வேர்ட எந்த மெஷின்லயும் சேவ் பண்ணாதீங்க. ரேன்சம்வேர், அதாவது ஃபைல பூட்டி வச்சு பணம் கேக்கற வைரஸ், லேப்டாப்ல புகுந்தா உங்களால எழுத முடியற இடத்துல எல்லாம் அதாலயும் எழுத முடியும். ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா இருக்கறது பேக்கப் ஆகாது, இதுல அழிஞ்சா அதுலயும் அந்த நொடியே அழியும். ஒரு யுஎஸ்பி டிஸ்க்ல காப்பி எடுத்து கழட்டி வைங்க, அந்த குழந்தை படங்கள இன்னைக்கே எடுங்க.

மொட்டைமாடி:

க்ரெடென்ஷியல் மேனேஜர்ல என் பேர் ரெண்டு இடத்துல இருந்துச்சு, எடுத்துட்டேன். தனி லாகின் போட்டு பொண்ணையே பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு டெஸ்ட் ஃபைல அழிக்க சொன்னேன், விடல. டாக்குமெண்ட்ஸும் திறக்கல, ஆனா ஸ்கூல்ல அவ எழுதி சேவ் பண்ண முடியுது. யுஎஸ்பி டிஸ்க் மாட்டி காப்பி போட்டிருக்கேன், ஓடிட்டு இருக்கு. ரெண்டு பேருக்கும் மனசார நன்றி.