மறுமொழி: சிறு விமானத்தில் சார்ஜ் போடும் வாய்க்கு ஒரு தமிழ்ச் சொல் – ‘மின்மடை’ என்று வைத்தால் என்ன?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நாலு நாளாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் எங்கள் மண்டபம் ஊரில் படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்தான் என்னைப் போன்ற படகு எலக்ட்ரீஷியன்களுக்கு அறுவடை. ராத்திரிதான் உட்கார முடிந்தது, அதனால்தான் தாமதம். கேள்வியைக் கிளப்பியவன் என் அக்கா மகன், ஆகவே நான் பேசாமல் இருப்பது சரியில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: மருமகன் விமானம் ஓட்டப் படிக்கிறான். கூடப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பாடக்குறிப்புகளைத் தமிழில் எழுதிவருகிறான். ஒரு நாள் போனில் கேட்டான்: “மாமா, பிளேன் பேனல்ல சிகரெட் லைட்டர் ஓட்டை ஒண்ணு இருக்கு. அதுலதான் டேப்லட்டுக்குச் சார்ஜ் போடுறோம். இதுக்குத் தமிழ்ல என்னன்னு எழுதட்டும்?”

“நம்ம படகுலயும் அதே ஓட்டைதான் மாப்ள. லைட்டர் பாயிண்டுன்னு சொல்றோம்” என்றேன்.

“சிகரெட்டும் இல்ல, லைட்டரும் இல்ல. அப்புறம் என்ன மாமா லைட்டர் பாயிண்டு?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் இங்கே எழுதினான். இதுவரை வந்தவற்றில் மூன்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

> துணை மின் வெளியீட்டு நிலை

பொருள் பிழையில்லை. ஆனால் மேலே பறந்துகொண்டிருக்கும்போது ஆசிரியர் மாணவனிடம் “துணை மின் வெளியீட்டு நிலையிலிருந்து அதைக் கழற்று” என்று சொல்லி முடிப்பதற்குள் அவரே கழற்றிவிடுவார். கையால் தொடும் பொருளுக்கு வாயில் அடங்கும் பெயர் வேண்டும்.

> மின்செருகுவாய்

இது நல்ல சொல். வீட்டுச் சுவரில் இருப்பதற்கு இதையே வைத்துக்கொள்ளலாம். நம் பொருளுக்கு ஏன் போதாது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், என் வாதமே அதுதான்.

> குதை

கடலுக்கு அந்தப் பக்கத்து நண்பர் தந்தது. வில்லில் நாண் மாட்டும் வெட்டுக்குக் குதை என்று பெயர். ஒன்றில் ஒன்று பொருந்தி நிற்பதை அழகாகக் காட்டுகிறது. பொதுவாக எல்லாச் சாக்கெட்டுக்கும் இதை ஏற்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் இதுவும் பொருந்துவதை மட்டும்தான் சொல்கிறது. பொருந்தியபின் அதன் வழியாக எங்கிருந்து, எவ்வளவு போகிறது என்பதைச் சொல்லவில்லை.

நம் பொருளில் முக்கியமே அந்த ‘எங்கிருந்து’தான். செஸ்னா 172 போன்ற நாலு சீட்டு விமானத்தை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் சுற்றினால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறது. (படகில் நாங்கள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறோம்.) அது பேட்டரியை நிரப்பிக்கொண்டே ரேடியோ, விளக்கு, கருவிகள் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. பழைய விமானங்களில் பேட்டரி 12 வோல்ட், ஓடும்போது 14. பின்னால் வந்தவற்றில் பேட்டரி 24, ஓடும்போது 28. வரத்து ஒன்று, தேக்கம் ஒன்று, அதிலிருந்து பல கிளைகள். அந்தக் கிளைகளில் கடைசியாக, ‘கூட வந்தவர்களின் சாமானுக்கு’ என்று திறந்துவைத்த ஒன்றுதான் இந்த ஓட்டை.

ஒரு டேப்லட் 5 வோல்ட்டில் 2.4 ஆம்பியர் இழுத்தால் 12 வாட். மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 14 வோல்ட் பக்கத்தில் ஏறத்தாழ 1 ஆம்பியர். ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியர் தரும் விமானத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆல்டர்னேட்டர் நின்றுபோனால்? எஞ்சின் நிற்காது. அதற்கான தீப்பொறியை மேக்னெட்டோ தனியாகத் தருகிறது. ஸ்டார்ட் ஆனபின் நம் டீசல் எஞ்சின் கரண்டைக் கேட்காமல் ஓடுவதுபோலத்தான். ஆனால் ரேடியோவும் விளக்கும் பேட்டரியில் இருக்கும் மிச்சத்தில்தான் ஓடவேண்டும், அதுவும் அரை மணி நேரக் கணக்குதான். அப்போது அந்த 1 ஆம்பியரும் பெரிது. விமானி முதலில் பிடுங்கவேண்டியது இந்தச் சார்ஜரைத்தான்.

வீட்டுச் சுவரில் போனை மாட்டும்போது யாரும் இப்படி யோசிப்பதில்லை. அங்கே மின்சாரம் எவ்வளவு எடுத்தாலும் வந்துகொண்டே இருக்கும், வெட்டு வந்தால் எல்லோருக்கும் சேர்ந்துதான் வரும். ஊர்தியில் அப்படி இல்லை. நீங்கள் எடுப்பது உங்களைச் சுமந்துபோகும் வண்டியின் பங்கிலிருந்து. இந்த வேறுபாட்டைச் சொல்லே நினைவூட்டவேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு நான் முன்வைப்பது ‘மின்மடை’.

கடற்கரைக்காரன் கண்மாய்ச் சொல்லோடு (மற்ற ஊர்களில் ஏரி என்பார்கள்) வருகிறானே என்று நினைக்கவேண்டாம். அம்மா பிறந்த ஊர் ராஜசிங்கமங்கலம் பக்கம். ‘நாரை பறக்காத 48 மடை’ என்று அந்தக் கண்மாயைச் சொல்வார்கள். நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளக் கரை, அதில் 48 மடை. இராமநாதபுரம் மாவட்டத்தில் கடல் பாதி என்றால் கண்மாய் பாதி. இங்கே மடை என்றால் என்ன என்று எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்மாய்க்கு வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும், உள்வாயில் தேங்கும், மடை வழியாக வயலுக்குப் போகும். மடை வெறும் ஓட்டையில்லை. திறக்கலாம், அடைக்கலாம், அதன் அளவுக்குமேல் தண்ணீர் போகாது. தண்ணீர் குறைந்த வருஷம் எதை முதலில் அடைப்பது என்று ஊர் கூடிப் பேசும், நீர்பாய்ச்சி போய் அடைப்பார்.

இதை அப்படியே விமானத்தில் வைத்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் வரத்து, பேட்டரி கண்மாய். அந்த வாயின் பின்னால் இருக்கும் சர்க்யூட் பிரேக்கர் 5 ஆம்பியரோ 10 ஆம்பியரோ மடையின் அளவு. அதற்குமேல் இழுத்தால் தட்டிவிடும். (அந்த அளவு உள்ளே ஓடும் வயரைக் காப்பாற்ற வைத்தது, நீங்கள் மாட்டும் போனைக் காப்பாற்ற அல்ல. பெரிய பிரேக்கர் மாற்றிப் போட்டால் வயர்தான் எரியும். படகில் பீஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுகிறவர்களிடம் நான் வருஷம் முழுக்கச் சொல்வதும் இதுதான்.) விமானிதான் நீர்பாய்ச்சி.

தலைப்பில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே வந்திருக்கும் தடைகளுக்கு வருகிறேன்.

மின்மடல் என்ற சொல்லோடு குழம்பும் என்று நேற்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். நியாயமான தடைதான், ‘மின்மடலில்’, ‘மின்மடையில்’ என்று வேகமாகச் சொன்னால் காது தடுமாறும். ஆனால் இன்று வெளியே மின்னஞ்சல்தான் நிலைத்திருக்கிறது. நம்மைப் போன்ற பழைய குழுக்களில்கூட வெறும் ‘மடல்’ என்றுதான் எழுதுகிறோம். இடமும் வேறு வேறு. பேனலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் கடிதத்தை நினைக்கமாட்டார்.

இன்னொருவர், மடை என்றால் பிள்ளைகள் ‘மடையன்’ என்று கேலி செய்வார்கள் என்றார். ‘மடை திறந்த வெள்ளம்’ என்று மேடையில் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லையே. ஒரு வசவுக்குப் பயந்து இவ்வளவு நல்ல சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை.

மூன்றாவது தடை கொஞ்சம் கனமானது. நாடு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் தொழிலில் தமிழ்ச் சொல் எப்படி நிற்கும் என்று பேராசிரியர் ஐயா கேட்டிருக்கிறார். ஐயா, எங்கள் உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத் தளத்துக்கு 2009இல் வைத்த பெயர் ‘பருந்து’. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த வீரர்கள் தினமும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். வாயில் நிற்கும் சொல்லாக இருந்தால் நிற்கும். ரேடியோவில் பேசும் பேச்சை யாரும் தமிழாக்கச் சொல்லவில்லை, அது ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். புரிந்துகொள்ளும் பாடம் தமிழில் இருக்கட்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

கூட வரும் சொற்களையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு சொல் குட்டி போடவில்லையென்றால் அது கலைச்சொல்லாக நிற்காது. மாட்டும் முனைக்கு ‘மடைச்செருகி’. பேட்டரி மிச்சத்தைக் காப்பாற்ற விமானி ஒவ்வொன்றாக அணைத்துவருவதற்கு ‘மடையடைப்பு’. இதற்கு ‘மின்வெட்டு’ என்று போட்டால் மேலே இருந்து யாரோ நிறுத்தியதாகத் தோன்றும். இங்கே அடைப்பது நாமே, யோசித்து, வரிசையாக. எல்லாக் கிளைகளும் பிரியும் செம்புப் பட்டைக்கு (ஆங்கிலத்தில் ‘பஸ்’ என்பார்கள்) ‘மின்பட்டை’ போதும். தானியங்கி மொழிபெயர்ப்பு ஒன்று அதைப் ‘பேருந்து’ என்று போட்டதை மருமகன் அனுப்பியிருந்தான். இப்படி எழுதிய பாடத்தை ஒரு பிள்ளை படித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே வருத்தமாக இருந்தது.

கலுங்கையும் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். கண்மாய் நிறைந்தால் மிச்சம் கலுங்கு வழியாக வழியும். விமானத்தில் வோல்ட் எல்லை மீறினால் எதுவும் வழிந்து போவதில்லை, கட்டுப்பாட்டுக் கருவி ஆல்டர்னேட்டரையே துண்டித்துவிடும். அது வரத்துக்காலை அடைப்பது. ஆகவே ‘மின்கலுங்கு’ வேண்டாம். உவமை எதுவரை வருகிறதோ அதுவரை போவோம்.

ஒரு சொந்த அனுபவம். பல வருஷத்துக்கு முன் ஒரு விசைப்படகில் இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் ஆக்கியிருந்தார்கள். கேபினில் இருந்த லைட்டர் பாயிண்டில் நான் 12 வோல்ட் சார்ஜரை மாட்டினேன். அரை நிமிஷத்தில் புகை, கேபின் முழுக்கப் பிளாஸ்டிக் வாடை, டிரைவர் அண்ணனின் போனும் போயிற்று. கரையில் நின்றதால் கதவைத் திறந்து தப்பித்தோம். 12க்கும் 24க்கும் அந்த வாய் ஒரே வடிவம், நடுவில் பாசிட்டிவ், சுற்றி நெகட்டிவ். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 28 வோல்ட் விமானத்திலும் இதே ஆபத்துதான். சில புதிய விமானங்களில் 28ஐ 12 ஆக இறக்கித் தருகிறார்கள், சிலவற்றில் இல்லை. அதனால் சொல்லோடு எண்ணும் சேர்ந்தே வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: ‘14 வோல்ட் மின்மடை’, ‘28 வோல்ட் மின்மடை’. எண் இல்லாமல் குறிப்பில் எழுதவே கூடாது.

மருமகனின் குறிப்பில் வரப்போகும் வாக்கியங்களில் சொல்லை வைத்துப் பார்த்தேன்:

“எஞ்சின் கிளம்பி நிதானத்துக்கு வரும்வரை மின்மடையில் எதையும் மாட்டாதீர்கள்; ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்ட் விழுந்து எழும்.”

“ரேடியோவில் இரைச்சல் வந்தால் முதலில் மடைச்செருகியைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான யுஎஸ்பி சார்ஜர்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள விமான ரேடியோவில் இரைச்சலைக் கலக்கும்.”

“ஆல்டர்னேட்டர் நின்றால் மடையடைப்பை மின்மடையிலிருந்து தொடங்குங்கள்.”

எனக்குத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வருகிறது. நீங்களும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

நேற்று ஒரு படகில் களிம்பு பிடித்த பழைய லைட்டர் பாயிண்டைக் கழற்றிப் புதிது மாட்டினேன். டிரைவர் அண்ணனிடம் எதையும் விளக்காமல், “அண்ணே, இந்த மின்மடையில போனும் ஜிபிஎஸ்ஸும் மட்டும் போடுங்க” என்றேன். ஒரு கணம் பார்த்தார். “ஏன், இந்த மடை சின்னதா? எம்புட்டு இழுக்கும்?” என்று கேட்டார். லைட்டர் பாயிண்ட் என்று சொன்ன இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 14ஐயோ 28ஐயோ 5 வோல்ட்டுக்குக் கொண்டுவரும் அந்தச் சின்னப் பெட்டிக்கு என்ன பெயர்? மருமகன் ‘இறக்கி’ என்கிறான். எனக்கு அது சுமை இறக்குகிறவரை நினைவூட்டுகிறது. ‘மின்னிறக்கி’ என்றால் பேட்டரியைக் காலி செய்வதுபோல ஒலிக்கிறது. ‘அழுத்த இறக்கி’ கொஞ்சம் தேவலாம், ஆனால் நீளம். இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் அவன் எழுதாமல் வைத்திருக்கிறான்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து