கம்பிவடத்தைத் தொடாமலே திரும்பினோம்

ஆஸ்திரியாவின் ஸில்லர்டால் மலைகளில் பெர்லினர் ஹோஹென்வெக் என்ற பாதை இருக்கிறது. குடிலுக்குக் குடில் தங்கி ஒரு வாரத்தில் நடந்து முடிக்கலாம். நானும் நண்பனும் போன ஜூலையில் போயிருந்தோம். சொல்ல வந்தது முழு வாரத்தையும் அல்ல, ஷோன்பிஹ்லர் கணவாயை ஏற முயன்ற ஒரு நாளை மட்டும்.

அதற்கு முந்தைய இரவு பெர்லினர் குடிலில் தங்கினோம். அதைக் குடில் என்று சொல்ல நாக்கு கூசும். 1879-ல் திறந்தது. 2042 மீட்டர் உயரத்தில், மரப்பலகை வேய்ந்த பெரிய உணவுக்கூடமும் சரவிளக்குமாக ஒரு மாளிகை மாதிரி நிற்கிறது. அந்த விளக்குக்குக் கீழே உட்கார்ந்து காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துக் கிளம்பியபோது மணி எட்டே முக்கால். மதியத்துக்கு மேல் இடி மழை என்று முன்னறிவிப்பு எழுதி ஒட்டியிருந்தார்கள். பார்த்தோம். பார்த்துவிட்டு இன்னொரு காபி குடித்தோம்.

கணவாய் 3081 மீட்டர். ஒரே மூச்சில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். முதல் பாதி பனியாறு விட்டுப்போன சரளை மேடு. அப்புறம் பெரிய பெரிய பாறைகள், அவற்றில் சிவப்பு வெள்ளை சிவப்பாக அடித்த வழிக்குறி. இந்தப் பகுதி கார்னெட் என்ற சிவப்பு மணிக்கல்லுக்குப் பேர்போனது. மூச்சு வாங்க நின்ற இடத்தில் அபிரகப் பாறைக்குள் மாதுளை முத்து மாதிரி ஒன்று பதிந்திருந்தது. நண்பன் அதை நகத்தால் நெம்பிப் பார்த்ததில் பத்து நிமிடம் போனது.

கணவாய்க்குக் கீழே செங்குத்தான பாறையில் எஃகுக் கம்பிவடம் கட்டியிருக்கிறது. அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். நாங்கள் அதற்கு நூறு மீட்டர் கீழே இருந்தபோது எதிரே ஒரு பெரியவர் தனியாக இறங்கி வந்தார். எழுபது வயதாவது இருக்கும். எங்கள் தலைக்கு மேலே வானம் நீலம்தான். அவர் நின்று, உடைந்த ஆங்கிலத்தில் "எங்கே?" என்றார். சொன்னோம். தலையை ஆட்டிவிட்டு முகட்டுக்குப் பின்புறம் கையைக் காட்டி, "அங்கே கறுப்பு" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். இவ்வளவு தூரம் ஏறிவிட்டு யாரோ சொன்னார் என்று திரும்புவதா? அதற்குள் முகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மின்னல் வெட்டு. பெரியவர் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டில் உறுமியது. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு, அப்படியானால் நான்கு கிலோமீட்டர். அடுத்ததற்கு ஒன்பதுதான் எண்ணினார். எண்ணி முடித்துக் கம்பிவடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாங்கள் திரும்பினோம். ஏறுகிறவனுக்கு மலையின் ஒரு பக்கம்தான் கண்ணில் படும், அந்தப் பக்கத்து வானம் தாண்டி வந்தவருக்குத்தான் தெரியும். இது எனக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை. இப்போதெல்லாம் எதிரே யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

அரை மணி நேரத்தில் பட்டாணி அளவு ஆலங்கட்டி. காலையில் உலர்ந்திருந்த பாறையில் பூட்ஸ் வழுக்கிக்கொண்டே போனது. பெரியவர் எங்களை முன்னால் விட்டுப் பின்னாலேயே வந்தார். குடிலை அடைந்ததும் நான் ஈரக் கையுறையைப் பிழிந்துகொண்டிருக்க, அவர் நேராக நிர்வாகியிடம் போய் எங்களைக் காட்டி ஏதோ சொன்னார். அப்போதுதான் உறைத்தது. கிளம்பும்போது குடில் பதிவேட்டில் 'அடுத்து ஃபுர்ட்ஷாகல்ஹவுஸ்' என்று கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் குடிலின் பெயரை எழுதியிருந்தோம், அங்கே படுக்கையும் பதிவு செய்திருந்தோம். தகவல் சொல்லாமல் இருந்தால், இருட்டியதும் அவர்கள் எங்களைத் தேட ஆரம்பித்திருக்கலாம். நிர்வாகி உடனே போனை எடுத்து, இரண்டு பேர் இங்கேதான் இருக்கிறார்கள் என்று அந்தக் குடிலுக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்பினோம். சரவிளக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. கம்பிவடம் விரல் மரத்துப்போகும் குளிரில் இருந்தது. ஒன்பதரைக்குக் கணவாய். அங்கிருந்து கொஞ்சம் ஏறினால் 3134 மீட்டரில் ஷோன்பிஹ்லர் ஹார்ன் சிகரம், இந்தப் பாதையின் உச்சம். எதிரே பனியாறுகளோடு மோஸலர் மலை, கீழே ஷ்லெகைஸ் நீர்த்தேக்கம். இறக்கம் முழங்காலைப் பிழிந்தெடுத்தது. ஃபுர்ட்ஷாகல்ஹவுஸில் பெயரைச் சொன்னதுமே "ஓ, நேற்று வராதவர்களா?" என்று சிரித்தார்கள்.

*

உங்கள் பதிவைப் படித்ததும் கார்சிகா தீவின் ஜிஆர் 20 என்ற நெடும் மலைப்பாதை ஞாபகம் வந்தது. அங்கே 2015 ஜூனில் மழையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு பாதையையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். நான் போனது புதிய வழியில். எனக்கு நேர்ந்தது உங்கள் கதைக்குத் தலைகீழ். எதிரே வந்த இருவர் "மேலே நன்றாக இருக்கிறது, போங்கள்" என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான், ஆனால் அவர்கள் மேலே இருந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது! நான் போய்ச் சேர்ந்தபோது மேகத்தில் முன்னே நடந்தவரின் முதுகுப்பைகூடத் தெரியவில்லை. ஆகவே "எப்படி இருக்கிறது?" என்பதோடு "எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" என்றும் கேளுங்கள். ஒரு சந்தேகம்: கம்பிவடத்துக்கு எந்தக் கையுறை?

*

மணியைக் கேட்கும் யோசனை நன்று, எடுத்துக்கொள்கிறேன். கையுறை தோலில் இருக்கட்டும். நான் போட்டிருந்தது கம்பளி. வடத்தில் அறுந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு இழையில் மாட்டி, கட்டைவிரல் பக்கம் முழுக்கப் பிரிந்துவிட்டது.