மூன்றாவது தண்டவாளம்

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

சனிக்கிழமை

[இரவு 9:42] அக்கா: விண்டர்தூர் வந்து சேர்ந்தோம். காரிலிருந்து வாசல் வரைக்கும் நடப்பதற்குள் காது மரத்துவிட்டது.

[9:44] சித்தி: அது எந்த ஊரடி?

[9:47] அக்கா: ஊர் இல்லை சித்தி, வீடு. டெலவேரில் டூபாண்ட் குடும்பத்து வீடு. 175 அறை. ஹென்றி பிரான்சிஸ் டூபாண்ட் என்பவர் பிறந்த வீடு இது. பழைய காலத்து அமெரிக்க மேசை, நாற்காலி, பீங்கான் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, 1951இல் வீட்டையே மியூசியமாகத் திறந்துவிட்டார். கிறிஸ்துமஸ் வந்தால் அறை அறையாக அலங்காரம் செய்கிறார்கள்.

[9:48] அம்மா: 175 அறையை யார் பெருக்குவார்கள்?

[9:48] அக்கா: உள்ளே நுழைந்ததும் எனக்கும் அதுதான் தோன்றியது 😂

[10:15] அக்கா: 📷 காய்ந்த பூவாலேயே ஜோடித்த மரம். தோட்டத்துப் பூக்களைக் காய வைத்துச் செருகியிருக்கிறார்கள். காய்ந்த ரோஜா பழைய புடவை ஜரிகை மாதிரி நிறம் மங்கிக் கிடக்கிறது, ஆனால் இதழ் ஒன்றுகூட உதிரவில்லை.

[10:31] அக்கா: 📷 📷 இது பொம்மை வீடு. 18 அறை! எல்லா அறையிலும் கிறிஸ்துமஸ். உங்கள் பேரன் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி நிற்கிறான், மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெள்ளையாகிவிடுகிறது. துடைத்துத் துடைத்து என் துப்பட்டா ஈரம்.

[10:33] அம்மா: நம் கொலுவில் செட்டியார் கடைக்கு முன்னால் நீ இப்படித்தான் நிற்பாய். பருப்பு மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டே.

[10:34] நான்: அக்கா அந்தத் துவரம்பருப்பை மூக்கில் போட்டுக்கொண்ட கதையையும் சொல்லுங்கள் அம்மா.

[10:34] அக்கா: சொல்ல வேண்டாம்.

[10:52] அக்கா: அப்பாவுக்கு ஒரு செய்தி. இந்த எஸ்டேட்டுக்கென்றே தனியாக ஒரு ரயில் நிலையம் இருந்ததாம். விருந்தாளிகள் ரயிலில் வந்து இறங்குவார்களாம்.

[10:53] அம்மா: அவர் ஒன்பதரைக்கே தூங்கிவிட்டார். காலையில் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பார், தயாராக இரு.

ஞாயிற்றுக்கிழமை

[அதிகாலை 2:20] அக்கா: 🎥 🎥 🎥 மத்தியானம் சாட்ஸ் போர்டில் பிராண்டிவைன் மியூசியம். விண்டர்தூரிலிருந்து காரில் கால் மணி நேரம். 1864இல் கட்டிய மாவு மில், 1971இல் ஓவிய மியூசியமாகத் திறந்தார்கள். ஆண்ட்ரூ வயத் ஓவியங்கள் இருக்கும் இடம். ஆனால் இந்த மாதம் கூட்டமெல்லாம் ரயில் பொம்மை அறையில்தான். 2,000 அடிக்குத் தண்டவாளம். மலை, பாலம், குட்டி ஊர், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வருகிறது.

[2:24] அக்கா: 📷 இதையும் பாருங்கள். தேவதாரு காய், ஓக் கொட்டைத் தொப்பி, முள் காய் எல்லாவற்றையும் ஒட்டி ஆள்கள் கையால் செய்த குட்டி மிருகங்கள். இந்தக் கரடிக்குக் காது, இரண்டு கொட்டைத் தொப்பி.

[5:08] அப்பா: வீடியோ மூன்றையும் பார்த்தேன். அந்தப் பழைய நிலையம் எந்த லைனில்?

[5:12] அக்கா: வில்மிங்டன் அண்ட் நார்தர்ன் என்று பழைய லைன் அப்பா. அதே லைன்தான் ஆற்றோரமாக சாட்ஸ் போர்டு வழியாகவும் போகிறது.

[5:13] அப்பா: சரி. இரண்டாவது வீடியோவில் தண்டவாளம் மூன்று தெரிகிறது. ஏன்?

[5:20] மாமா (அக்கா வீட்டுக்காரர்): இது ஓ கேஜ் என்கிற பொம்மை ரயில் அளவு, மாமா. நடுத் தண்டவாளத்தில் கரண்ட் வரும், எஞ்சினுக்கு அடியில் ஒரு உருளை அதைத் தொட்டு எடுத்துக்கொள்ளும். வெளித் தண்டவாளம் இரண்டும் திரும்பிப் போகும் வழி. லயோனல் என்ற பொம்மை ரயில் கம்பெனி இப்படித்தான் செய்யும்.

[5:22] அப்பா: இரண்டே போதுமே. ஒன்றில் பிளஸ், ஒன்றில் மைனஸ்.

[5:26] மாமா: போதும், சின்ன கேஜ்களில் அப்படித்தான். ஆனால் லூப் போட்டு வண்டி வந்த வழியிலேயே திரும்பினால் இடது தண்டவாளம் போய் வலதில் சேர்ந்துவிடும். ஷார்ட். மூன்று இருந்தால் எப்படித் திருப்பினாலும் நடு நடுவோடுதான் சேரும்.

[5:31] அப்பா: நல்ல யோசனை. நாங்கள் நீராவி எஞ்சினைத் திருப்ப யார்டில் ட்ரையாங்கிள், அதாவது முக்கோணமாகத் தண்டவாளம், போட்டு வைத்திருந்தோம். ஸ்கேல் என்ன?

[5:32] மாமா: 48இல் ஒன்று. தண்டவாள அகலம் ஒன்றேகால் அங்குலம்.

[5:41] அப்பா: கணக்குப் போட்டேன். 48 × 1¼ = 60 அங்குலம். ஐந்து அடி. அங்கே உண்மையான லைன் 4 அடி 8½ அங்குலம். மூன்றரை அங்குலம் அகலம் கூடுதல். என் செக்‌ஷனில் இப்படி இருந்தால் வண்டியை விட்டிருக்கவே மாட்டேன்.

[5:42] நான்: ஓய்வு பெற்றாலும் பி.டபிள்யூ.ஐ. (ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் இன்ஸ்பெக்டர்) பி.டபிள்யூ.ஐ.தான் 🙏

[5:50] சித்தி: மரத்துக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்லுங்கள்.

[5:55] அக்கா: இந்தப் பக்கம் பெத்லகேம் என்றே ஒரு ஊர் உண்டு சித்தி, மொரேவியக் கிறிஸ்தவர்கள் அமைத்தது. அவர்கள் கிறிஸ்துமஸுக்குப் பாசி, கல், மரப்பொம்மை வைத்து ஊர் மாதிரி அமைப்பார்கள். புட்ஸ் என்று பெயர். ஜெர்மன் வார்த்தை, அலங்கரிப்பது என்று அர்த்தம். பொம்மை ரயில் கடைக்கு வந்த பிறகு அதுவும் மரத்தடிக்கு வந்துவிட்டது.

[5:57] அம்மா: நாமும் கொலுப் படிக்குக் கீழே மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கப் போட்டு, பார்க் வைப்போமே. ரயில்தான் வைத்ததில்லை. அப்பாவுக்கு டியூட்டியில் பார்த்ததே போதும் என்று.

[6:02] அக்கா: அதுதான் இங்கே பிரச்சினை. பழைய ரயில் செட் ஒன்று வாங்கி நேற்று மரத்தைச் சுற்றிப் போட்டோம். பாதி வட்டம் போய் நின்றுவிடுகிறது. இவன் இப்போது அழுகிறான்.

[6:03] மாமா: டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்று நினைக்கிறேன். புதிதாக வாங்க வேண்டும்.

[6:04] அப்பா: எங்கே நிற்கிறது? ஒவ்வொரு தடவையும் ஒரே இடமா?

[6:05] மாமா: ஆமாம், ஜன்னல் பக்கம்.

[6:05] அப்பா: அப்படியென்றால் டிரான்ஸ்பார்மர் இல்லை. ஒரே இடத்தில் நின்றால் லைனில்தான் கோளாறு. தரையோடு தரையாகப் போனை வைத்து வீடியோ எடுத்து அனுப்புங்கள் மாப்பிள்ளை. மேலிருந்து வேண்டாம்.

[6:11] மாமா: 🎥

[6:16] அப்பா: ஜன்னலிலிருந்து இரண்டாவது ஜாயிண்ட். எஞ்சின் ஏறும்போது அந்த இடம் அமுங்குகிறது, பாருங்கள். கீழே கார்ப்பெட், அடியில் முட்டுக்கொடுக்கும் பேக்கிங்கே இல்லை. அமுங்கும்போது இரண்டு துண்டுகளை இணைக்கும் ஊசி விலகுகிறது, கரண்ட் போவதில்லை. பலகை ஒன்றை அடியில் கொடுங்கள். ஊசி நுழையும் ஓட்டையைக் குறட்டால் லேசாக நெருக்குங்கள். லேசாக. முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள்.

[6:18] மாமா: தண்டவாளம் கறுத்திருக்கிறது, ஸ்டீல் உல் போட்டுத் தேய்க்கட்டுமா?

[6:19] அப்பா: கூடாது. அதன் தூள் மோட்டார் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். நடுத் தண்டவாளத்தை மறக்க வேண்டாம்.

[6:24] சித்தி: காபி குடித்தீர்களா இல்லையா அத்தான்?

[6:52] மாமா: 🎥 ஓடுகிறது மாமா!! நாலு சுற்று நிற்காமல்!!

[6:53] அப்பா: வளைவில் வேகம் அதிகம். குறைக்கவும்.

[6:55] அக்கா: 🎤 தாத்தா கொடி காட்டினால்தான் அடுத்த சுற்று விடுவானாம். வீடியோ காலில் வரச் சொல்கிறான்.

[7:04] அம்மா: என் பச்சை ரவிக்கையை எடுத்துக்கொண்டு போனுக்கு முன்னால் ஆட்டிக்கொண்டிருக்கிறார். நேற்றுத்தான் இஸ்திரி போட்டு வைத்தேன்.